ஸ்ரீமதி துர்காபாய் தேஷ்முக்: சட்டமும் சமூக நலமும்

ஜாதவ்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆலிப்பூர்க் கோர்ட்டு அறிமுகமான இடமே. வீட்டு வாடகைத் தகராறாயினும், வாரிசுச் சான்றிதழாயினும், பத்திரப் பதிவாயினும் என்றேனும் ஒருநாள் அந்தப் பழைய கட்டடங்களின் பக்கம் நாம் போயே ஆகவேண்டியிருக்கிறது. கறுப்பு அங்கி அணிந்த பெண் வக்கீல்கள் அங்கே கூட்டங்கூட்டமாக நடமாடுவதைக் காண்கிறோம். அக்காட்சி யாருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால் 1916ஆம் ஆண்டில் அதே கோர்ட்டில் வழக்குரைக்க அனுமதி வேண்டிய ஒரு பெண்மணிக்கு நேர்ந்தது வேறு. ரெஜினா குஹா என்பது அவர் பெயர். கல்கத்தா சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டமும் பி.எல். பட்டமும் பெற்றவர். ஆலிப்பூர் ஜில்லா கோர்ட்டில் பிளீடராகத் தம்மைப் பதிவு செய்யுமாறு அவர் விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் கல்கத்தா ஹைகோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் முன் சென்றது. 1879ஆம் ஆண்டின் சட்டம் வக்கீலாவதற்குரிய 'நபர்' என்று கூறுவது ஆண்மகனையே குறிக்கும், பெண்ணைக் குறிக்காது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இத்தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். ஒரே ஒரு சொல்லின் பொருளை எவ்வளவு குறுக்கிக்கொள்வது என்பதில், நாட்டின் பாதி மக்களுடைய தொழிலுரிமை அடங்கிவிட்டது! 1921இல் பாட்னா ஹைகோர்ட்டில் சுதான்சுபாலா ஹஜ்ரா என்னும் வங்கப் பெண்மணிக்கும் இதே விடை கிடைத்தது. ஆயினும் அவ்வாண்டிலேயே அலகாபாத் ஹைகோர்ட்டு கொர்னீலியா சொராப்ஜியை வக்கீலாக ஏற்றுக்கொண்டது. ஹைகோர்ட்டுக்கு ஹைகோர்ட்டு இவ்வாறு மாறுபட்டு நின்ற குழப்பத்தைத் தீர்க்க, பெண்ணாயிருத்தல் வக்கீல் தொழிலுக்குத் தடையாகாது என்று 1923இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னையில் ஆனந்தா பாய் 1929இல் பதிவு செய்துகொண்டார். ரெஜினா குஹா அச்சட்டத்தைக் காண உயிரோடு இருக்கவில்லை.

இக்கட்டுரையில் நாம் கூறப் புகுவது, அவ்வாறு திறந்த கதவின் வழியாக உள்ளே சென்று, நான்கே ஆண்டுகள் வழக்குரைத்து, பின்பு நாட்டின் அரசியல் சட்டத்தை வகுக்கும் சபையில் அமர்ந்த ஒருவரின் வரலாறு. அவர் தமிழர் அல்லர். ஆனால் சென்னையில் வாழ்ந்த தெலுங்கர். தம் மொழி வழங்காத நகரில் வாழ நேர்ந்தவர்கள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய பகுதி விடையாக இருப்பதால், வங்காளத்திலும் பிற ராஜ்யங்களிலும் வாழும் தமிழராகிய நமக்கு அவ்வரலாறு அயலார் கதையன்று.

துர்காபாய் 1909ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி ராஜமகேந்திரவரத்தில் பிறந்தார். வளர்ந்தது காக்கிநாடாவில். அக்கால வழக்கப்படி எட்டு வயதிலேயே அவருக்கு விவாகம் நடந்தேறியது. அறிவு முதிர்ந்த பின் அம்மணவாழ்வை ஏற்க இயலாது என்று தம் எண்ணத்தை வெளிப்படையாகக் கூறி, அதிலிருந்து விலகிக்கொண்டார். அக்காலத்தில் ஒரு பெண் இவ்வாறு கூறுவதும், குடும்பத்தார் அதற்கு இணங்குவதும் எளிய செய்திகள் அல்ல. மணந்தவர் பிற்காலத்தில் வேறொருவரை மணந்துகொண்டார். அவர் காலமான பின் அந்த அம்மையாருக்கு ஆதரவளித்துத் தொழில் கற்க வழிசெய்தவர் துர்காபாயே என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

பள்ளியில் ஆங்கிலமே பாடமொழியாகத் திணிக்கப்படுகிறதென்று பன்னிரண்டாம் வயதில் அவர் பள்ளியை விட்டார். ஹிந்தி கற்றார். கற்றதோடு நில்லாமல் காக்கிநாடாவில் பெண்களுக்கு ஹிந்திப் பாடசாலை ஒன்றைத் தாமே நடத்தினார். தம்மைவிட மூத்த பெண்மணிகள் மாணவிகளாக அமர, சிறுமி ஆசிரியையாக நின்றாள்.

1921இல் காந்தியடிகள் காக்கிநாடாவுக்கு வந்தார். தேவதாசிப் பெண்களும் கோஷா முறையிலிருந்த முஸ்லிம் பெண்களும் அடிகளைக் காணவேண்டும், அவர் சொல்லைக் கேட்கவேண்டும் என்று துர்காபாய் விரும்பினார். ஐயாயிரம் ரூபாய் நிதி திரட்டிக் கொடுத்தால் சில நிமிஷங்கள் ஒதுக்கித் தருவோம் என்று ஊர்ப் பிரமுகர்கள் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமியால் இயலாது என்றே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். தேவதாசிகளே முன்வந்து அத்தொகையைத் திரட்டினார்கள். கூட்டம் நடந்தது. சில நிமிஷங்கள் பேச வந்தவர் நெடுநேரம் தங்கினார். பெண்கள் தம் நகைகளைக் கழற்றி நிதியில் சேர்த்தார்கள். அன்று அடிகளின் ஹிந்திப் பேச்சைத் தெலுங்கில் பெயர்த்துச் சொன்னவளும் அச்சிறுமியே. அதன்பின் ஆந்திரப் பகுதியில் அடிகள் பேசிய இடங்களில் மொழிபெயர்க்கும் பணி அவளுக்கு வாய்த்தது. ஒருவர் பேசி முடித்து மூச்சு விடுவதற்குள் அவர் கருத்தை மற்றொரு மொழியில் கூட்டம் விளங்கிக்கொள்ளும்படி நிறுத்துவது எத்தனை கடினம் என்பதை அத்தொழிலில் இருப்பவர்களே அறிவர். நமக்கு அகராதி உண்டு, மேஜை உண்டு, திருத்த அவகாசமும் உண்டு. அச்சிறுமிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

1923ஆம் ஆண்டு டிசம்பரில் காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. உடன் நடந்த கதர்க் கண்காட்சியில் பதினான்கு வயதுத் தொண்டராக வாயிலில் நின்றார் துர்காபாய். சீட்டு இல்லாமல் எவரையும் உள்ளே விடலாகாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஜவஹர்லால் நேரு சீட்டின்றி வந்தார். துர்காபாய் அவரைத் தடுத்து நிறுத்தினார். ஏற்பாட்டாளர்கள் பதறி ஓடிவந்து கடிந்துகொண்டபோதும் கட்டளையைக் காட்டித் தம் நிலையில் நின்றார். பின்பு சீட்டு வாங்கித் தரப்பட்டது. நேரு சினங்கொள்ளவில்லை, பாராட்டினார். பெண்கள் வக்கீலாகலாம் என்ற சட்டம் பிறந்ததும் அந்த 1923ஆம் ஆண்டில்தான். அச்சட்டத்தால் தமக்கு ஏதேனும் ஆகுமென்று வாயில் காத்த அச்சிறுமி அன்று கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. துர்காபாய் சென்னைக்கு வந்து அதில் ஈடுபட்டார். தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறை செல்ல, முன்னணியில் நிற்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1930க்கும் 1933க்கும் இடையில் மும்முறை சிறைப்பட்டார். வேலூர்ச் சிறையிலும் மதுரைச் சிறையிலும் இருந்தார். மதுரையில் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டதில் அவர் உடல்நலம் வெகுவாகக் குன்றியது.

சத்தியாக்கிரகிகள் பலருக்குச் சிறை ஒரு சர்வகலாசாலையாக இருந்தது என்று கூறுவது வழக்கம். துர்காபாய்க்கு அது வேறொரு வகையில் பள்ளியாயிற்று. சிறையிலிருந்த சாதாரணக் கைதிகளான பெண்களோடு அவர் பேசிப் பழகினார். எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை விதிக்கப்பட்டது என்பதையே அறியாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். பிறர் செய்த குற்றத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டவர்களும், வக்கீல் வைக்கப் பொருளின்றி, பேசவும் தெரியாமல் தண்டனை பெற்றவர்களும் இருந்தார்கள். சட்டம் படித்து இத்தகையோருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உண்டாயிற்று. ஆனால் அப்போது அவரிடம் மெட்ரிகுலேஷன் தேர்வுகூட இல்லை! இருபது வயதைக் கடந்தவர், சிறையால் உடல் தளர்ந்தவர், பள்ளிப் படிப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

தொடங்கினார். காசி ஹிந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் தேர்வையும் இண்டர்மீடியட் தேர்வையும் முடித்தார். அடுத்து, வால்டேரிலிருந்த ஆந்திர சர்வகலாசாலையில் அரசியல் விஞ்ஞானம் பயில விரும்பினார். பெண்களுக்கு அங்கே விடுதி இல்லையாகையால் சேர்த்துக்கொள்ள இயலாது என்று துணைவேந்தர் ஸி. ஆர். ரெட்டி கூறினார். விடுதி இல்லாமையால் படிக்க இயலாதிருக்கும் பெண்கள் வேறு எவரேனும் உண்டா என்று துர்காபாய் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். முன்வந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு தாமே ஒரு விடுதி அமைத்தார். பிறகு மறுப்பதற்குக் காரணம் இல்லாது போயிற்று. பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்ற பின், லண்டன் சென்று மேற்படிப்புப் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தும், உலக யுத்தம் மூண்டதால் அது கைகூடவில்லை. சென்னை லா காலேஜில் சேர்ந்தார். 1942இல் சட்டப் பட்டம் பெற்றுச் சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

இதற்கிடையே நடந்த ஒன்றை நாம் சற்று விரித்துக் கூற வேண்டும். 1930களில் மயிலாப்பூரில் தாம் வசித்த பகுதியின் தெலுங்குக் குழந்தைகளையும் பெண்களையும் கூட்டி ஒரு சிறு சங்கத்தை அவர் நடத்திவந்தார். பாட்டு, விளையாட்டு, ஹிந்தி வகுப்பு என்ற அளவில் இருந்த அச்சங்கத்திலிருந்து 1937 அளவில் ஆந்திர மகிளா சபை உருவாயிற்று. வெளியூரிலும் வேற்றுமொழியினர் நடுவிலும் வாழ்வோர் தமக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொள்வது உலக இயல்பு. கல்கத்தாவில் லேக் பகுதியை ஒட்டி வாழும் நம்மவர்களும் அவ்வாறே செய்திருக்கிறோம். நவராத்திரி, பொங்கல், கச்சேரி, நாடகம் என்று ஆண்டு சுழலும். அதில் பிழையொன்றும் இல்லை. துர்காபாய் செய்த வேறுபாடு யாதெனின், சங்கத்துக்கு வரும் பெண்களில் யார் யார் விதவைகள், யார் யார் கணவனால் கைவிடப்பட்டவர்கள், யார் யார் எழுத்தறியாதவர்கள் என்று அவர் பார்க்கத் தொடங்கியதுதான். அவர்களைக் காசி மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். அது தாம் நடந்து வந்த வழியே ஆகையால், அதன் மேடுபள்ளங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. தையலும் கைத்தொழிலும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பின்பு பிரசவ விடுதியும், மருத்துவமனையும், தாதிப் பயிற்சியும் ஒவ்வொன்றாக அதிலிருந்து வளர்ந்தன.

1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. சென்னை நகரம் யாருக்கு என்பது பற்றி இருசாராரும் காட்டிய வேகத்தைப் பெரியவர்கள் வாய்மொழியாகக் கேட்டிருப்போம். நகரம் தமிழ்ப் பகுதியோடு நின்றது. அப்போது தன் பெயரிலேயே 'ஆந்திர' என்ற சொல்லைத் தாங்கிய ஒரு ஸ்தாபனம், மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே சென்றிருக்கலாம். ஐதராபாத்திலும் அது பிற்பாடு கிளைத்தது உண்மை. ஆனால் சென்னைப் பணியை அது விடவில்லை. அடையாற்றையொட்டி அது நடத்திய மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சென்ற தமிழ்ப் பெண்களுக்குக் கணக்கில்லை. குடியேறி வாழ்வோரின் சங்கம் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள ஊருக்கே உரியதாகிவிடுவதற்கு, நமக்குத் தெரிந்த அளவில், இதனினும் தெளிந்த உதாரணம் இல்லை. வங்காளிகள் நம் சங்கங்களுக்கு எதற்காகவேனும் வருகிறார்களா என்ற கேள்வியை நாம் நமக்குள் எப்போதேனும் கேட்டுக்கொள்ளலாம்.

1946இல் துர்காபாய் சென்னையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் இருந்த பெண் உறுப்பினர்கள் பதினைவர். அவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து சென்றோர் அம்மு சுவாமிநாதனும், தாக்ஷாயணி வேலாயுதனும், இவரும் ஆவர். சபையின் தலைவர்கள் குழுவில் இடம்பெற்ற பெண் இவர் ஒருவரே. டாக்டர் அம்பேத்கர் முன்வைத்த வாசகங்களின்மேல் இவர் கொண்டுவந்த திருத்தங்களைப் பார்த்தால் வக்கீலின் கண் எங்கே செல்லும் என்பது புலனாகும். இந்துக்களின் பொதுவான சமய ஸ்தாபனங்களை 'எந்த ஒரு வகுப்புக்கும் பிரிவுக்கும்' திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்றிருந்ததை, 'எல்லா வகுப்புக்களுக்கும் பிரிவுகளுக்கும்' என்று மாற்ற வேண்டுமென்றார். மேலுக்குப் பார்த்தால் ஒரு சொல்தான். ஆனால் ஏதோ ஒரு வகுப்புக்குக் கதவைத் திறந்துவிட்டு மற்றொன்றை வெளியே நிறுத்தலாம் என்று எவரேனும் பிற்காலத்தில் வாதாடுவதற்கு அச்சொல் இடங்கொடுத்திருக்கும். 'நபர்' என்ற ஒரு சொல்லால் ஆலிப்பூரில் நேர்ந்ததை நினைத்துப் பார்ப்போருக்கு இதன் அருமை விளங்கும். அரசியல் சட்டத்தின் 25ஆவது ஷரத்தில் இன்றும் 'எல்லா' என்றே இருக்கிறது. ராஜ்ய சபை உறுப்பினராவதற்கு முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றிருந்ததை முப்பதாகக் குறைத்த திருத்தமும் இவருடையதே.

1949ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தது. அதில் துர்காபாய் பேசியதைப் பிறமொழி நடுவே வாழும் நாம் கவனித்துப் படித்தல் தகும். சிறுமியாயிருந்தபோதே ஹிந்திப் பாடசாலை நடத்தியவர் அவர். ஹிந்திக்கு எதிரி என்று அவரை எவரும் சொல்ல முடியாது. தென்னாட்டவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ஒரு காரியம் திடீரென்று இத்தனை பெரிய சச்சரவாக மாறியதற்கு, ஹிந்தி ஆதரவாளர்களின் அளவுகடந்த வேகமே காரணம் என்று அவர் எடுத்துரைத்தார். இந்நாட்டின் கலப்புப் பண்பாட்டில் மற்ற வலிமை வாய்ந்த மொழிகள் இயல்பாகப் பெறவேண்டிய செல்வாக்கைத் தடுப்பதற்கே இப்போர் நடக்கிறது என்ற உணர்வு ஹிந்தி பேசாத மக்களுக்கு உண்டாகிவிட்டது என்றும் கூறினார். ஹிந்தியும் உருதுவும் கலந்த ஹிந்துஸ்தானியே பொதுமொழியாக வேண்டும் என்பது அவர் கட்சி. சபை அதை ஏற்கவில்லை. 1965இல் சென்னை ராஜ்யத்தில் நிகழ்ந்தவற்றை நினைக்கும்போது, பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கொடுத்த எச்சரிக்கை வீண்போயிற்றே என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் தோற்றார். அரசியல் சட்டம் இயற்றிய சபையில் புகழ்பெற்றவரை வாக்காளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சென்னைக்குத் திரும்பி வக்கீல் தொழிலைத் தொடரலாம் என்று அவர் எண்ணியிருந்த சமயத்தில், பிரதமர் நேரு அவரைத் திட்டக் கமிஷன் உறுப்பினராக நியமித்தார். காக்கிநாடாவில் சீட்டுக் கேட்டுத் தம்மைத் தடுத்தவரைத் தாமே அழைத்து உள்ளே அமர்த்தினார் என்று நயமாகச் சொல்லலாம். 1953ஆம் ஆண்டு ஜனவரியில் துர்காபாய் அப்போதைய நிதி மந்திரி ஸி. டி. தேஷ்முக்கை மணந்தார். நேருவும் சுசேதா கிருபளானியும் சாட்சிக் கையெழுத்திட்ட பதிவுத் திருமணம் அது. ரிசர்வ் பாங்கின் முதல் இந்தியக் கவர்னராக இருந்த தேஷ்முக், 1956இல் மந்திரி பதவியைத் துறந்து சர்வகலாசாலை மானியக் கமிஷனுக்குத் தலைவரானார். 1955 டிசம்பரில் தோன்றிய நம் ஜாதவ்பூர் சர்வகலாசாலை தவழ்ந்து நடந்த பருவம் அவர் தலைமைக் காலத்தில்தான் கழிந்தது.

1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் துர்காபாய். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொண்டு ஸ்தாபனங்களுக்கு உதவ நான்கு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. அதைச் சர்க்கார் இலாகா வழியாகக் கொடுத்தால் கோப்புகளில் சிக்கிவிடும் என்று அஞ்சி, பொதுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நிறைந்த ஒரு வாரியத்தின் மூலம் வழங்கும் முறையை அவர் வகுத்தார். இம்முறையிலும் குறை உண்டு. வசதியுள்ள குடும்பத்துப் பெண்மணிகளின் ஓய்வுநேரத்தையும் நல்லெண்ணத்தையும் அது பெரிதும் நம்பியிருந்தது. நல்லெண்ணம் எல்லா ஜில்லாக்களிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஆயினும் கிராமப் பெண்களிடம் சர்க்காரின் பணம் சென்று சேர அன்று வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

கிராமங்களில் வேலை தொடங்கியதும் ஒரு முட்டுக்கட்டை எதிர்ப்பட்டது. கிராமசேவிகையாகவும், ஆசிரியையாகவும், தாதியாகவும் அமர்த்தப் படித்த பெண்கள் அங்கே இல்லை. பட்டணத்துப் பெண்கள் கிராமத்தில் தங்க விரும்பவில்லை. இதற்குத் துர்காபாய் கண்ட வழி அவர் வாழ்க்கையிலிருந்தே பிறந்தது. சிறுவயதில் பள்ளியை விட்டு நின்ற வயதுவந்த பெண்களுக்கு, பல ஆண்டுப் பாடத்தைச் சுமார் இரண்டு ஆண்டுகளில் சுருக்கிக் கற்பித்துத் தேர்வுக்கு அனுப்பும் திட்டம் 1958இல் தொடங்கியது. மயிலாப்பூரில் அவர் செய்து பார்த்ததே நாடு முழுமைக்கும் உரிய திட்டமாயிற்று. அவர் பணிகளில் இதனையே நாம் முதன்மையாக மதிப்போம். பெண் கல்வி பற்றி ஆராய அவர் தலைமையில் அமைந்த தேசியக் குழு 1959இல் அறிக்கை அளித்தது.

வக்கீல் அங்கியைக் கழற்றிய பின்னும் கோர்ட்டுகளைப் பற்றிய சிந்தனை அவரை விடவில்லை. 1953இல் சீனா சென்று வந்தவர், அங்குக் கண்டவற்றை மனத்திற்கொண்டு, குடும்ப வழக்குகளுக்கென்று தனிக் கோர்ட்டுகள் இந்தியாவிலும் வேண்டும் என்று நீதிபதிகளிடமும் பிரதமரிடமும் வற்புறுத்தினார். ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண் திருட்டு வழக்குக் கைதிகளோடு ஒரே தாழ்வாரத்தில் காத்து நிற்கும் நிலை மாற வேண்டும் என்று கருதுவோர் அன்றும் சிலர் இருந்தனர். ஆனால் குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல்தான் நிறைவேறியது. அதே 1984ஆம் ஆண்டு டிசம்பரில், கோர்ட்டு வாசலில் ரெஜினா குஹா நிறுத்தப்பட்ட அதே தென்கல்கத்தாப் பகுதியில், ஜாதவ்பூர்த் தொகுதியின் வாக்காளர்கள் பாரிஸ்டர் சோம்நாத் சட்டர்ஜியைத் தோற்கடித்து, சட்டப் பட்டம் பெற்ற மமதா பானர்ஜியை லோக சபைக்கு அனுப்பினார்கள். பின்பு மாலினி பட்டாசார்யாவும் கிருஷ்ணா போஸும் அத்தொகுதியிலிருந்து சென்றார்கள். இருவரும் பேராசிரியைகள்.

இவற்றைக் காணத் துர்காபாய் இருக்கவில்லை. 1975இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1981ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி காலமானார். மறு ஆண்டில் தேஷ்முக்கும் மறைந்தார். துர்காபாய் தொடங்கிவைத்த மத்திய சமூக நல வாரியம் ஏறத்தாழ எழுபது ஆண்டு இயங்கி 2022இல் மூடப்பட்டது. சென்னையில் அவர் பெயரால் ஒரு சாலையும் மருத்துவமனையும் உண்டு. டில்லியில் குடியேறிய தென்னாட்டார் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பது அரிதாக இருந்த நாளில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொருளைக்கொண்டு 1961இல் ஸ்ரீ வெங்கடேசுவரா கல்லூரி அங்கே தோன்றுவதற்கு முயன்றவர்களுள் அவரும் ஒருவர். தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே பயின்றார்கள், பயில்கிறார்கள். அக்கல்லூரிக்கு அருகில் 2018இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்துக்குத் துர்காபாய் தேஷ்முக் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.